ஆடிக் கூழும் என் வாய்த் துடுக்கும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் பக்கத்து நிலத்துக்காரியிடம், "பொண்ணு தங்கம்தான், வாயத் தொறந்தா மட்டும் தகரம்" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வாயால் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று நின்றுபோகப் பார்த்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே புதுப்பட்டினம் போகிற சாலையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. மாமனார் காலமெல்லாம் பிறத்தியார் நிலத்தில் முதுகொடிய வேலை செய்து, கடைசியில் தன் பேரில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று வாங்கிய மணல் பூமி. வாங்கின இரண்டாம் வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கல்பாக்கத்துப் பக்கம் பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் அதற்குப் போய்விடுவார். நிலத்தில் நின்றது மூன்று பெண்கள்: மாமியார், நாத்தனார், நான். கேழ்வரகு, வேர்க்கடலை, வேலியோரம் நாலு முருங்கை. பெரிய பண்ணை என்று யாராவது நினைத்துக்கொண்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஒன்றரை ஏக்கரில் கால் வைக்க இடம் இருக்காது.

அன்றைக்கு நாங்கள் கூழ் ஊற்றுவோம். அது என் மாமியாரின் வேண்டுதல். நாத்தனாருக்கு மூன்று வயதாக இருந்தபோது காய்ச்சல் வந்து பத்து நாள் கண் திறக்கவில்லையாம். மாமியார் அம்மன் கோயில் வாசலில் போய் விழுந்து, "எம் பொண்ணக் குடுத்துடு ஆத்தா, நான் உசுரோட கீற வரைக்கும் ஆடிக்கு ஆடி கூழு ஊத்தறேன்" என்று அழுதிருக்கிறார். பெண் பிழைத்துக்கொண்டாள். இடது கால் மட்டும் சூம்பிப்போனது. "ஆத்தா குடுத்துட்டா, கால்ல கொஞ்சத்த மட்டும் அவ வெச்சிக்கினா" என்பார் மாமியார். சிரித்துக்கொண்டே சொல்லுவார். சொல்லி முடித்ததும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

இடது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றித்தான் நாத்தனார் நடப்பாள். ஆனால் அந்த நடையிலேயே அவள் செய்யாத வேலை கிடையாது. என் வீட்டுக்காரருக்குத் தங்கை என்றாலும் என்னைவிட இரண்டு வயது பெரியவள். எனக்குக் களை எடுக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான், மாமியாரிடம் நான் திட்டு வாங்கும்போது குறுக்கே வந்து நின்றவளும் அவள்தான். கூழ் விஷயத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சே இல்லை. சனிக்கிழமையே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவாள். மறுநாள் விடியும்போது அண்டாவில் நொய் குழைய வெந்ததும் மாவை ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும். கிண்டுவது நான். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டாமல் வந்தால், "போதும் அண்ணி, எறக்கு" என்பாள். அவள் சொல்லும் வரை இறக்கக் கூடாது. நான் ஒரு தடவை கை வலி தாங்காமல் முன்னாலேயே இறக்கிவிட்டு, அந்த வருஷம் பூராவும் அதற்குப் பேச்சு வாங்கினேன்.

கோயிலில் படைத்துவிட்டு வந்ததும் ஜனங்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பொத்தேரியிலிருந்து என் அம்மா வீட்டு ஆட்கள் முதல் நாளே வந்து படுத்துக்கொள்வார்கள். கடலோரக் குப்பத்துப் பெண்கள் கும்பலாக வருவார்கள், வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கூடையில் நெத்திலிக் கருவாடோ வாளைக் கருவாடோ இருக்கும். கூழ் எங்களுடையது, தொட்டுக்கொள்ள அவர்களுடையது. யார் எப்போது ஆரம்பித்த வழக்கமோ, எனக்குத் தெரியாது. சாலையில் போகிற பஸ்ஸே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி ஆளுக்கு ஒரு பட்டை குடித்துவிட்டு, ஜன்னல் வழியாக உள்ளே இருப்பவர்களுக்கும் வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு வருஷம் கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மூன்று பட்டை குடித்துவிட்டு முருங்கை நிழலில் தூங்கியே போய்விட்டார். பட்டை என்றால் பனையோலையை மடித்துக் கட்டின ஏனம். அதைக் கட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. அன்றைக்கு ஒருநாள்தான் அவர் லீவு போடுவார்.

அந்த வருஷம் எங்கள் எல்லோர் மனதிலும் இன்னொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனாருக்குப் புதுப்பட்டினத்தில் ஒரு இடம் இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். பையன் வெல்டிங் வேலை. அம்மா மார்க்கெட்டில் காய்கறிக் கடை. ஆடி கழியட்டும், ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருவார்கள் என்று பேச்சு.

இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து போயிருந்தது. அதில் நான் செய்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள் இல்லையா, நாங்கள் ஒரே ஒரு பொய்யைத்தான் சொன்னோம். அவர்கள் வருவதற்கு முன்பே நாத்தனாரைப் பாயில் உட்கார வைத்துவிடுவோம். கால் தெரியாதபடி புடவையைச் சுற்றி விரித்துவிடுவது என் பொறுப்பு. காப்பியை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதலில் வந்தவர்கள் போய்ச் சொல்லி அனுப்பவே இல்லை. இரண்டாவதாக வந்தவர்கள் தட்டு மாற்றுவது வரை வந்துவிட்டார்கள். அதற்குள் இவள் பஸ் நிறுத்தத்தில் நடப்பதை அவர்கள் ஆள் யாரோ பார்த்துச் சொல்லிவிட, வேலியருகே வந்து நின்று, "ஊனத்த மறைச்சி ஏமாத்தறீங்களா?" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனார்கள். நாத்தனார் அப்போது வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆய்வதையும் நிறுத்தவில்லை. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று. அதற்கப்புறம் ஒரு வருஷம் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

அதனால் புதுப்பட்டினத்து இடம் என்பது எங்களுக்குச் சும்மா ஒரு இடம் இல்லை. இதுவும் போனால் நாலாவதாக ஒருவர் வருவார் என்று மாமியாருக்கே நம்பிக்கை இல்லை.

அன்றைக்கு ஆடிக் காற்று அம்மியைத் தூக்கிப் போகிற மாதிரி அடித்தது. மேல்காற்றில் மண் வந்து கூழில் விழாமல் இருக்க, பழைய புடவைகளைக் கொம்பு நட்டுத் திரையாகக் கட்டியிருந்தோம். நான் அண்டாவின் பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன். நாத்தனார் தலையில் குண்டானை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தொடையில் ஊன்றி, உட்கார்ந்திருக்கிறவர்களுக்கெல்லாம் கொண்டுபோய் இறக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

முருங்கை மரத்தடியில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்திக்கு ஐம்பது வயசு இருக்கும், மற்றவள் சின்னவள். வந்து வெகு நேரமாகியும் பட்டை வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் போய்க் கொடுத்ததற்கு, "வேணாம்ப்பா, பசியில்ல" என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஊர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் திரும்பத் திரும்ப என் கண் அங்கேயே போனது. அந்தப் பெரிய பெண்மணியின் பார்வை நாத்தனாரின் காலைவிட்டு நகரவில்லை. அவள் இந்தப் பக்கம் நடந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நடந்தால் அந்தப் பக்கம். நடுவில் சின்னவள் காதில் ஏதோ குசுகுசுவென்று வேறு.

எனக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் கூழ் ஊற்றுவதே அந்தப் பெண் பிழைத்ததற்காக. அந்தக் கூழையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் காலை வேடிக்கை பார்க்கிறாளே! கரண்டியை என் அம்மா கையில் திணித்துவிட்டு, ஒரு பட்டை நிறையக் கூழை எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

"இன்னாம்மா, கூழு குடிக்க வந்தியா, காலப் பாக்க வந்தியா?"

நான் மெதுவாகப் பேசத் தெரியாதவள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள்தான், "அதில்லம்மா, நாங்க இங்க கை நனைக்கக் கூடாது" என்று இழுத்தாள்.

"ஆத்தா கூழு குடிக்கறதுக்குக்கூட உங்களுக்குக் கௌரவமா? கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசையா?" என்றேன். குப்பத்துப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெண்பிள்ளையைப் பார்த்து மீசை என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் ஏற்றிவிட்டது. "புடி. குடிச்சிட்டு அப்புறம் பாரு" என்று பட்டையை நீட்டினேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார். வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டுக்குந்தான் வந்தேன்" என்றார்.

என்ன திமிர் என்று நினைத்தேன். பதிலுக்கு ஏதாவது சொல்லுவதற்குள் அவர்கள் சாலைப் பக்கம் நடந்துவிட்டார்கள்.

குப்பத்துப் பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்து இழுத்தாள். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். சிரித்துக்கொண்டிருந்தவள் முகம் மாறியிருந்தது. "அடிப்பாவி, அது யாருன்னு தெரியுமா? மார்க்கெட்டுல கத்திரிக்கா விக்குதே, அந்தம்மா. அது புள்ளைக்குத்தான உன் நாத்துனாவக் கேட்டுகினு கீறாங்க?"

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆடியில் பெண் பார்க்க வரக் கூடாது. ஆனால் கூழ் ஊற்றுகிற இடத்துக்கு யாரும் வரலாம். கூட்டத்தோடு கூட்டமாக வந்து, பெண் எப்படி, வீடு எப்படி என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். காலைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும் வரை பையன் வீட்டார் பெண் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அதற்காகத்தான் வேண்டாம் என்று நின்றிருக்கிறார்கள். நான் போய், அத்தனை பேருக்கு முன்னால் ஏசி, வாயில் ஊற்றாத குறையாகக் குடிக்க வைத்திருக்கிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் பரவாயில்லை, கெட்டது அவள் வாழ்க்கை அல்லவா?

மாமியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காலியாகிப்போன அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர்தான், "வுடு, ஆவறது ஆவட்டும்" என்றார். அவர் என்னைக் கோபித்துக்கொண்டதே கிடையாது. அன்றைக்காவது கோபித்துக்கொண்டிருக்கலாம்.

பொழுது சாயும்போது நாத்தனாரும் நானும் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "என்னிய ரெண்டு அடி அடிச்சிடு, எனக்கு மனசு ஆறும்" என்றேன்.

அவள் சாம்பல் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"உன் காலப் பத்தி ஊரே கேக்க சொல்லிட்டேனே."

"நீ சொன்னதுல எனக்குக் கோவமே இல்ல அண்ணி" என்றாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். "பாயில உக்கார வெச்சி, புடவைய இழுத்து இழுத்து மூடுனியே, அன்னிக்குத்தான் கோவம் வந்துச்சு. உம்மேல மட்டும் இல்ல, அம்மா மேல, அண்ணன் மேல, எல்லார் மேலயும். என்னிய நீங்களே பாக்க வெக்கப்படற மாதிரி இருந்துச்சு."

நான் அழுதுவிட்டேன். மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். புடவையை விரித்தபோது குனிந்திருந்த அவள் முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. புடவைதான் எனக்கு முக்கியமாக இருந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா வுட்டுருப்பியா?" என்று சிரித்தாள். விட்டிருக்க மாட்டேன். எனக்கே தெரியும்.

ஆடி கழிகிற வரை ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு மாதமாக இருந்தது. மண் பதமாக இருந்த நாளில் வேர்க்கடலை விதைத்தோம். ஆடிப்பட்டத்தைத் தேடி விதைக்க வேண்டுமே, யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஆனால் சாலையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் மூன்று பேர் தலையும் ஒன்றாக நிமிரும். யாரும் இறங்காவிட்டால் மூன்று தலையும் ஒன்றாகக் குனியும்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் தரகர் வந்தார். "ஞாயித்துக்கெழம வராங்க. கூழு ஊத்துன மருமவ கட்டாயம் இருக்கணுமாம், அந்தம்மா சொல்ட்டாங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. சரி, முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத் தயாராகவே இருந்தேன். அவள் கல்யாணம் நடந்தால் போதும், என்னைக் காலில் விழச் சொன்னாலும் விழுவேன் என்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் பாயை விரித்தார்.

நாத்தனார் பச்சைப் புடவை கட்டி, பூ வைத்து, வாசற்படியில் நின்றிருந்தாள். "நான் உக்கார மாட்டம்மா" என்றாள்.

"அடம் புடிக்காத. அந்தம்மா பாத்துச்சு, சரி. புள்ள பாக்கலியே? கூட வர ஜனங்க பாக்கலியே? அத்தினி பேரு எதுருலயும் நீ நடந்து காட்டணுமா?" மாமியார் பாயின் மடிப்பை நீவிவிட்டார். "அவங்க பாக்கற பார்வைய என்னால பாக்க முடியாது. பெத்தவளுக்குத்தான் தெரியும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எப்போதும் நான்தானே பேசுகிறவள். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. போய்ப் பாயைச் சுருட்டி எடுத்து மூலையில் நிறுத்தினேன். மாமியார் என்னை அடிக்க வருகிறவர் மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெறும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குள் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது.

ஏழு பேர் இறங்கினார்கள். முன்னால் அந்த அம்மாள், பின்னால் வெள்ளைச் சட்டையில் பையன், மற்றவர்கள் தாம்பாளத்தோடு. வேலிப் படலுக்கும் வீட்டுக்கும் நடுவே நீள வரப்பு, இரண்டு பக்கமும் முளைத்து நாலு இலை விட்ட வேர்க்கடலை. வீட்டு ஆண் போய் அழைத்து வருவதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் செருப்பைப் போடுவதற்குள் நாத்தனார் வரப்பில் இறங்கிவிட்டாள்.

ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கும் அது தெரிந்தது. தொடையில் கையை ஊன்றி, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எட்டி எட்டி வைத்தாள். வேகமாகப் போகப் போக உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. பாதி வழியில் ஒரு கட்டியில் கால் இடறியது. நான் ஓடப் போனேன்.

"மெல்ல வாம்மா!" என்று படலருகிலிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார். என் குரலுக்குச் சற்றும் குறையாத குரல். "எதுக்கு ஓடியாற? உங்கண்ணி குடுத்த கூழ அன்னிக்கே குடிச்சி கை நனைச்சாச்சு, நாங்க எங்கயும் போயிடல. நீ வர வரைக்கும் இங்கதான் நிப்போம்."

நாத்தனார் நின்றாள். மூச்சு வாங்கினாள். பிறகு, தினமும் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிற நடையில், மெதுவாக நடந்தாள். ஏழு பேரும் ஒரு அடிகூட முன்னே வைக்காமல் நின்றார்கள். அவள் போய்ச் சேரும் வரை நின்றார்கள். எனக்குப் பின்னால் வீட்டுக்குள்ளே மாமியார் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. அம்மன் கோயில் வாசலில் விழுந்த அன்றைக்கு அப்புறம் இருபத்தொரு வருஷமாக அவர் அப்படி அழுது யாரும் கேட்டதில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.